விவாக ரத்தும் வக்கீல் பீஸும்

சென்ற மாதம் தென் ஜில்லா ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். ஆரம்பப் பாடசாலையில் முப்பத்திரண்டு வருஷம் உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போடும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகமொன்று இருந்தது. அவருடைய இளைய குமாரத்தியின் விவாக ரத்து வழக்கிற்காக முதல் நாள் தொட்டுக் கடைசி நாள் வரையில் செய்த செலவு முழுவதும் அதில் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தது. "ஐயா, நான் யார் பேரிலும் குற்றம் சொல்ல வரவில்லை. முதல் பக்கத்தில் உள்ள தொகை எப்படிக் கடைசிப் பக்கத்துத் தொகையாயிற்று என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை" என்றார் அவர்.

அப்புத்தகத்தை நாம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வைத்துப் படித்தோம். முதல் பக்கத்தில், வக்கீல் பீஸ் மொத்தம் 40,000 ரூபாய் என்று பேசி முடிவானதாகவும், அதில் முன்பணம் 15,000 கொடுத்ததாகவும் எழுதியிருந்தது. நான்கு வருஷத்திற்குப் பின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போட்டிருந்த தொகை 1,90,800 ரூபாய். இடையில் நடந்ததென்ன? மூல வழக்கிற்குப் பேசிய 40,000 அப்படியே இருந்தது. வக்கீல் அதில் ஒரு காசும் கூட்டவில்லை. ஆனால் ஜீவனாம்ச மனு தனி என்று 15,000. மனைவி தன்னுடன் வந்து வாழவேண்டுமென்று புருஷன் தன்னூர்க் கோர்ட்டில் போட்ட எதிர்வழக்கிற்குப் பதில் சொல்ல 20,000. வாய்தா ஒன்றுக்கு 500 வீதம் நாற்பத்தாறு வாய்தாவுக்கு 23,000. டைப்பு, நகல், நோட்டரி, பாட்டா, குமாஸ்தா என்ற இனங்களில் சில்லறை சில்லறையாக 14,000. நாற்பத்தாறு தடவையும் தகப்பனாரும் பெண்ணும் பஸ் ஏறிப் போய்வந்து ஹோட்டலில் சாப்பிட்டதற்கு 27,600. அப்பெண் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாற்பத்தாறு நாள் சம்பளப் பிடித்தம் 32,200. மீதி 19,000 ரூபாய் நகைக் கடன் வட்டி. அடகு போன நகைகளில் தாலிக்கொடியும் ஒன்று என்று பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் வக்கீல்களைத் திட்டத் தொடங்குவது சுலபம். நாம் அதைச் செய்யப் போவதில்லை. தேச விடுதலைக்காக வக்கீல் வர்க்கம் செய்த தியாகத்தைத் தமிழ் மக்கள் மறந்துவிடக்கூடியதல்ல. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்தில் நல்ல வருமானத்தை உதறியெறிந்த சித்தரஞ்சன தாஸும், மோதிலால் நேருவும், ராஜாஜியும் வக்கீல்களே. மேலும், பெரியவருடைய கணக்கைக் கவனித்துப் பார்த்தால் மொத்தச் செலவில் வக்கீலுக்குச் சேர்ந்தது 98,000 தான், ஏறக்குறையப் பாதி. எஞ்சிய பாதி காலதாமதம் என்னும் கண்ணுக்குத் தெரியாத மகானுபாவரின் பீஸ். அவருக்கு ரசீது கேட்பாரில்லை.

ஆகவே, விவாக ரத்துக்கு வக்கீல் அமர்த்த என்ன செலவாகும் என்று கேட்பவருக்கு ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவது பயனற்றது. எத்தனை வழக்கு, எத்தனை வாய்தா, எத்தனை வருஷம் என்பவையே செலவை நிர்ணயிக்கின்றன. இவற்றுள் சில கட்சிக்காரர் கையில் இருக்கின்றன; சில சர்க்காரின் கையிலும் நியாயஸ்தலங்களின் கையிலும் இருக்கின்றன. எது எவர் கையில் என்று தெரியாமலிருப்பதாலேயே ஜனங்கள் அதிகம் இழக்கிறார்கள்.

செல்வர்க்கே விவாக ரத்து என்ற நிலை ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பகிரங்கமாகவே இருந்து வந்தது. 1857-ம் வருஷத்துச் சட்டம் வருவதற்கு முன் அத்தேசத்தில் பூரண விவாக ரத்து வேண்டுமானால், முதலில் சர்ச் கோர்ட்டுக்குப் போகவேண்டும். பிறகு மனைவியைக் கெடுத்தவன் மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போடவேண்டும். அதற்கும் பிறகு பார்லிமெண்டில் தனி மசோதா ஒன்று கொண்டுவர வேண்டும். 1845-ல் மௌல் என்னும் நீதிபதியின் முன், முதல் மனைவி ஓடிப்போன பின் இரண்டாந்தாரம் கட்டிக்கொண்ட ஏழைத் தொழிலாளி ஒருவன் நிறுத்தப்பட்டான். பல நூறு பவுன் செலவு செய்து இந்த மூன்று படிகளையும் நீ ஏறியிருக்க வேண்டும், உன்னிடம் காசில்லை என்பது ஒரு சமாதானமாகாது என்று நீதிபதி பரிகாசமாகச் சொல்லி, ஒரே நாள் தண்டனை விதித்தார். அப்பரிகாசம் சட்டம் மாறுவதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று என்று சொல்வார்கள். அந்த 1857-ம் வருஷத்துச் சட்டத்தைத் தழுவியே 1869-ல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு விவாக ரத்துச் சட்டம் இங்கு வந்தது. சென்னை மாகாணத்து ஹிந்துக்களுக்கு அவ்வுரிமை 1949-லும், தேசமெங்குமுள்ள ஹிந்துக்களுக்கு 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தாலும் கிடைத்தது.

நம் நாட்டில் பார்லிமெண்டுக்குப் போக வேண்டியதில்லை. கோர்ட்டுக் கட்டணமும் இவ்வகை வழக்குகளில் மிகச் சொற்பமே. சொத்து வழக்குகளைப் போல் மதிப்புக்குத் தக்கபடி ஏறுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு பள்ளி உபாத்தியாயர் தம் ஆயுட்காலச் சேமிப்பில் பெரும்பங்கைக் கொட்டும்படி ஆகிறதென்றால், அது ஏன் என்று யோசிக்க வேண்டாமா?

முதலில் பீஸ் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இன்ன வழக்கிற்கு இவ்வளவு என்று வக்கீல் தம் கட்சிக்காரரிடம் வாங்கவேண்டிய தொகையை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. இருவரும் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று 1926-ம் வருஷத்து வக்கீல் பீஸ் சட்டம் கூறுகிறது. பீஸானது வக்கீலின் அநுபவத்திற்கும் வழக்கின் தன்மைக்கும் தக்கதாயிருக்கவேண்டுமென்பது பார் கௌன்ஸில் விதி. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதியும் உண்டு. அதனால் அரிசி மண்டியில் விலைப்பலகை பார்ப்பதுபோல் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வக்கீல்கள் ஒரே வழக்கிற்கு இரு மடங்கு வித்தியாசத்தில் கேட்கலாம். இரண்டும் நியாயமாகவே இருக்கலாம். இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துப் பார்ப்பது அவமரியாதை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மாடு வாங்கப் போனால் மூன்று சந்தை சுற்றுகிறவர்கள் இதில் மட்டும் வெட்கப்படுவது விந்தையே.

உபாத்தியாயர் செய்த பிழை, தொகையைப் பேசியது அல்ல. அத்தொகை எதற்கு என்று பேசாதது. விவாக ரத்து என்பது ஒரே வழக்கு என்று அவர் எண்ணிவிட்டார். நடைமுறையிலோ, உடைந்த ஒரு விவாகத்திலிருந்து ஐந்து வழக்குகள் கிளைக்கின்றன. விவாக ரத்து மனு ஒன்று. வழக்கு நடக்கும் காலத்து ஜீவனாம்சத்திற்கு ஒன்று. குழந்தை யாரிடம் இருப்பது என்பதற்கு ஒன்று. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் ஒன்று. வழக்கை வேறு ஊருக்கு மாற்றவேண்டுமென்று ஹைக்கோர்ட்டில் ஒன்று. போலீஸ் புகாரும் சேர்ந்தால் ஆறு. இவை ஒவ்வொன்றுக்கும் தனி வக்காலத்து, தனி பீஸ், தனி வாய்தா. ஆகையால் முதல் நாளே, "ஐயா, தாங்கள் சொல்லும் பீஸில் எந்தெந்த மனுக்கள் அடங்கும்? வாய்தாவுக்கு வாய்தா தனியே தரவேண்டுமா? குறுக்கு விசாரணைக்கு வேறொரு பெரிய வக்கீலை அமர்த்துவீர்களா? அவர் பீஸ் யார் பொறுப்பு? அப்பீல் போனால் என்ன?" என்று கேட்டு, பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். யோக்கியமான வக்கீல் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொள்பவரை விட்டு விலகுவதற்கு அந்த முதல் நாளைவிட மலிவான நாள் வேறில்லை.

கட்சிக்காரரிடமிருந்து வாங்கும் பணத்திற்கு வக்கீல் கணக்கு வைக்கவேண்டுமென்றும், எது பீஸ், எது செலவுக்கு என்று அக்கணக்கில் பிரித்துக் காட்டவேண்டுமென்றும் பார் கௌன்ஸில் விதிகள் விதிக்கின்றன. ஏற்ற வழக்கை நடுவில் கைவிடுவதானால் போதிய காரணமும் முன்னறிவிப்பும் வேண்டும். உழைக்காத பாகத்திற்கு வாங்கிய பீஸைத் திருப்பித் தரவேண்டும். பீஸ் பாக்கியிருக்கிறதென்பதற்காகக் கட்டுகளைப் பிடித்துவைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ம் வருஷத்தில் ஆர். டி. சக்சேனா வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. இதை அறியாமல், பாக்கி கட்டமுடியாத காரணத்தால் வக்கீலை மாற்றவும் முடியாமல், கட்டுகளை வாங்கவும் முடியாமல் தவிப்போர் எத்தனையோ பேர்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. கையில் காசில்லாத பெண்களிடம், "இப்போது ஒன்றும் தரவேண்டாமம்மா, ஜீவனாம்சமாக ஒட்டுமொத்தத் தொகை வாங்கித் தருகிறேன், அதில் நூற்றுக்கு இருபது கொடுத்துவிடு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்கு இது தர்மமாகத் தோன்றும். இத்தகைய பங்கு பேசுவது இந்தியாவில் தடுக்கப்பட்டது. வெற்றிக்குத் தக்க பீஸ் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கௌன்ஸில் விதிகளுக்கு விரோதம். இவ்வாறு நூற்றுக்கு இவ்வளவு என்று பீஸ் கேட்பது தொழில் ஒழுங்கீனமே என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தெலிங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் வற்புறுத்தியிருக்கிறது. காரணம் தெளிவானது. தொகையில் பங்குள்ள வக்கீலுக்கு, குழந்தையின் நலமும் பெண்ணின் நிம்மதியும் இரண்டாம் பட்சமாகிவிடக்கூடும்.

வக்கீல் தவறிழைத்தால் எங்கே முறையிடுவது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமென்று பலரும் எண்ணியிருந்தனர். வக்கீல் தொழில் அச்சட்டத்திற்குள் வராது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 மே மாதத்தில் தீர்மானித்துவிட்டது. ஒழுங்கீனம் பற்றி மாகாண பார் கௌன்ஸிலில் 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின்படி புகார் செய்யலாம். வக்கீல்களின் ஒழுங்கை வக்கீல்களே விசாரிக்கும் இந்த ஏற்பாடு ஜனங்களுக்கு முழு நம்பிக்கையளிக்கிறதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் உள்ள வழி அது.

இனி, சட்டம் ஏழைகளுக்காகச் செய்திருக்கும் ஏற்பாடுகளைக் கவனிப்போம். அவை அற்பமானவையல்ல. பெரியவரின் புத்தகத்தைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வருத்தமெல்லாம் இவற்றைப் பற்றித்தான்.

1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் அதிகாரக் குழுச் சட்டம், 12-வது பிரிவில், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் என்று வரிசைப்படுத்துகிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிலாளர், காவலில் இருப்போர், குறைந்த வருமானமுள்ளோர் என்று போகும் அவ்வரிசையில் ஸ்திரீகளும் குழந்தைகளும் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறார்கள். ஸ்திரீக்கு வருமான வரம்பு கிடையாது. சம்பளம் வாங்குகிறவளாயினும், தகப்பனார் பென்ஷன் வாங்குகிறவராயினும், ஸ்திரீ என்ற ஒரே காரணத்தால் அவளுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்கவேண்டும். கோர்ட்டுக் கட்டணம், மனு எழுதும் செலவு, நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலும் இதற்கென்று ஒரு காரியாலயம் இருக்கிறது; தாலுகாக்களிலும் கமிட்டிகள் உண்டு; 15100 என்ற டெலிபோன் எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். நாற்பத்தாறு தடவை கோர்ட்டு வாசற்படி மிதித்த நம் உபாத்தியாயர், அந்தக் காரியாலயத்தின் பெயர்ப்பலகையை நாற்பத்தாறு தடவையும் கடந்தே போயிருக்கிறார். "அது கேஸில்லாத ஏழைகளுக்கென்று நினைத்தேன்" என்றார். இலவச வக்கீல் என்றால் சிரத்தையாக வாதாடமாட்டார் என்ற பயமும் அவருக்கிருந்தது. அந்தப் பயம் முற்றும் ஆதாரமற்றதென்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் அவ்வக்கீல்களுக்குத் தரும் ஊதியம் சொற்பம். ஊதியம் சொற்பமானால் ஊக்கமும் குறைவது மனித சுபாவம். ஆனால் அமர்த்தப்பட்ட வக்கீல் சரியில்லையெனில் வேறொருவரை மாற்றித் தரும்படி குழுவிடமே எழுதிக் கேட்கலாம் என்பதையும் ஜனங்கள் அறியவேண்டும்.

இரண்டாவது ஏற்பாடு ஹிந்து விவாகச் சட்டம் 24-வது பிரிவு. தம்பதிகளில் எவருக்குத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழக்கு நடத்தவும் போதிய சொந்த வருமானமில்லையோ, அவர் மற்றவரிடமிருந்து மாதாந்தரத் தொகையும் வழக்குச் செலவும் கேட்கலாம். இது மனைவிக்கு மட்டுமன்று, புருஷனும் கேட்கலாம். எதிரிக்கு நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளைக்குள் இம்மனுவைக் கூடியவரை முடிக்கவேண்டுமென்று 2001-ல் பார்லிமெண்டு ஒரு திருத்தமும் செய்தது. கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திலும், 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்திலும் மனைவிக்கு இதே மாதிரியான உரிமை உண்டு. பெரியவர் 15,000 ரூபாய் கொடுத்துப் போட்ட ஜீவனாம்ச மனுவின் நகலை நாம் வாங்கிப் பார்த்தோம். மாதம் இவ்வளவு வேண்டுமென்று கேட்டிருந்தது. வழக்குச் செலவு என்று ஒரு வரிகூட அதில் இல்லை! கேட்காததை எந்த ஜட்ஜும் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டார். அந்த ஒரு வரி விட்டுப்போனது மறதியாலோ, எதனாலோ, நாம் அறியோம். உத்தேசமாக எவ்வளவு செலவாகியிருக்கிறது, இனி எவ்வளவு ஆகும் என்று கணக்குக் காட்டிக் கேட்பதற்கு அவருடைய நோட்டுப் புத்தகத்தைவிடச் சிறந்த சாட்சி வேறு இருந்திருக்காது.

2020 நவம்பரில் ரஜ்னீஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு கட்சியாரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டுமென்றும், மனுப் போட்ட தேதி முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டுமென்றும் உத்தரவிட்டது. புருஷன் சம்பளத்தை மறைப்பதும், அதைத் தோண்டி எடுப்பதற்காக மனைவி வருஷக்கணக்கில் வாய்தா அலைவதும் இதனால் குறையலாம். அப்பத்திரம் எதிரியிடமிருந்து வந்துவிட்டதா என்று கட்சிக்காரரே தம் வக்கீலைக் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.

மூன்றாவது, குடும்ப நியாயஸ்தலங்களைப் பற்றியது. 1984-ம் வருஷத்துச் சட்டம் 13-வது பிரிவின்படி அங்கே வக்கீல் மூலம் வாதாடுவது ஒருவருக்கு உரிமையாகச் சேராது. கோர்ட்டு அநுமதித்தால்தான் உண்டு. கட்சிக்காரர்கள் நேரே வந்து தங்கள் துக்கத்தைச் சொல்லி, ஆலோசகர்கள் சமரசம் பேசி, செலவில்லாமல் முடியவேண்டுமென்பதே அச்சட்டத்தின் உத்தேசம். காரியத்திலோ வக்காலத்து இல்லாத வழக்கைக் காண்பது அரிதாகிவிட்டது. சட்டம் படித்த புருஷனுக்கும் எழுத்தறிவில்லாத மனைவிக்கும் நடுவில் வக்கீல் இல்லாத சமத்துவம் சமத்துவமாகாது என்ற வாதத்தில் நியாயமில்லாமலில்லை. ஆனால் இருவரும் பிரிய ஒப்பிவிட்ட வழக்குகளில் இந்தப் பிரிவு ஏன் தூங்கவேண்டும்?

ஒப்பிப் பிரிவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். செலவு குறைவதற்கு அதுவே பெரிய வழி. 1976-ல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஒரு வருஷம் பிரிந்திருக்கும் தம்பதிகள் சேர்ந்து மனுச் செய்துகொள்ளலாம். ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து உறுதி சொன்னால் கோர்ட்டு விவாகத்தை ரத்து செய்யும். இந்த ஆறு மாதக் காத்திருப்பும், சமரசத்திற்கு வழியில்லையென்றும் ஜீவனாம்சம், குழந்தை முதலிய யாவும் தீர்ந்துவிட்டனவென்றும் கோர்ட்டு திருப்தியடைந்தால், தகுந்த வழக்குகளில் தளர்த்தப்படலாமென்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஒரு மனு, இரண்டு ஆஜர், ஓர் ஒப்பந்தம். வக்கீலின் வேலைக்கு எல்லை தெரிகிறது, ஆதலால் பீஸுக்கும் எல்லை தெரிகிறது. ஒரே வக்கீல் இருவருக்கும் மனு எழுதித் தருவதும் வழக்கத்தில் உண்டு. அப்படியானால் ஒப்பந்த நிபந்தனைகளையாவது பெண்வீட்டார் வேறொருவரிடம் காட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு ஆலோசனைப் பீஸை மிச்சம் பிடித்துச் சீதன நகைகளை இழந்தவர்கள் உண்டு. மேலும், கடைசி உத்தரவு ஆகும் வரையில் இருவரில் எவரும் சம்மதத்தை வாபஸ் பெறலாமென்று 1991-லேயே தீர்ப்பிருக்கிறது. ஆகவே பணம் கைமாறுவதை இரண்டு ஆஜர்களுக்கும் பிரித்து வைத்துக்கொள்வது விவேகம்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1893-ல் எந்த வழக்கிற்காகப் போனாரோ, அந்த தாதா அப்துல்லா வழக்கின் வாதியும் பிரதிவாதியும் ஒரே ஊரினர், உறவினர். வழக்கு நீண்டால் இருவருமே வக்கீல் பீஸில் அழிந்துபோவார்களென்பதை அவர் கண்கூடாகக் கண்டார். பஞ்சாயத்துக்கு இருவரையும் இணங்கச் செய்தார். தோற்றவர் பெருந்தொகையைத் தவணையாகக் கட்டும்படியும் ஏற்பாடு செய்தார். அதன் பிறகு தம் தொழிற்காலத்தில் பெரும் பாகத்தைச் சமரசங்களிலேயே செலவிட்டதாக அவர் சுய சரிதையில் எழுதியிருக்கிறார். அதனால் தாம் பணத்தையும் இழக்கவில்லை என்பது அவர் கணக்கு.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. சமரசம் என்ற பேரால், அடிபட்ட பெண்ணை அடித்தவனிடமே திருப்பியனுப்புவதை நாம் ஒருநாளும் ஆதரிக்கமாட்டோம். ஊர்ப் பெரியவர்கள் கூடிச் செலவை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் உயிரைப் பணயம் வைத்த கதைகள் போதுமான அளவு நடந்திருக்கின்றன. அத்தகைய பெண்ணுக்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி ஜில்லாவில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். மனு எழுதவும், இலவச வக்கீல் கிடைக்கச் செய்யவும் அவர் கடமைப்பட்டவர்.

மலிவு என்று நம்பி ஜனங்கள் விழும் குழி ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பத்திரம் எழுதுகிறவரிடம் போய், முத்திரைத்தாளில் "நாங்கள் இனிமேல் புருஷன் மனைவி அல்லோம்" என்று இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரியின் முத்திரையும் பெற்று, விவாகம் முறிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில ஆயிரத்தில் காரியம் முடிந்ததென்று அவர்களுக்குச் சந்தோஷம். சில ஜாதிகளில் பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கட்டும் பழைய வழக்கத்தை ஹிந்து விவாகச் சட்டம் 29-வது பிரிவு காப்பாற்றியிருப்பது உண்மையே. ஆனால் அவ்வழக்கம் தங்கள் வகுப்பில் தொன்றுதொட்டு உள்ளதென்று சாட்சியத்தோடு நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்கிறவர் தலையில் விழுகிறது. நிரூபிக்க முடியாதவனின் இரண்டாவது விவாகம் செல்லாது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சம்ஹிதை 82-வது பிரிவின்படி அவன் சிறைக்கும் போக நேரலாம். இரண்டாந்தாரமாக வந்தவளும் அவள் பெற்ற பிள்ளைகளும் படும் பாட்டை எந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது?

சர்க்காரையும் நியாயஸ்தலங்களையும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. ஹிந்து விவாகச் சட்டம் 21-பி பிரிவு, இவ்வழக்குகளை நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டுமென்றும், நோட்டீஸ் சேர்ந்த ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டுமென்றும் கூறுகிறது. உபாத்தியாயர் மகளின் வழக்கு நான்கு வருஷம் நடந்தது. அந்த நாற்பத்தாறு வாய்தாக்களில் சாட்சி விசாரணை நடந்த நாட்கள் ஐந்து. சமரசப் பேச்சு நடந்த நாட்கள் மூன்று. மற்ற நாட்களில் எதிரி வரவில்லை, எதிரி வக்கீல் வரவில்லை, ஜட்ஜ் ரஜா, ஜட்ஜ் மாற்றலாகிவிட்டார், வக்கீல்கள் கோர்ட்டைப் பகிஷ்கரித்தார்கள், நேரமில்லை. இவ்வளவையும் அவர் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறார். குடும்பக் கோர்ட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கி, காலியாயிருக்கும் ஜட்ஜ் ஸ்தானங்களை நிரப்பி, காரணமின்றி வாய்தா கேட்கும் கட்சியார் எதிர்க்கட்சியாரின் அன்றைய பஸ் சார்ஜையும் கூலியையும் அங்கேயே எண்ணிவைக்க வேண்டுமென்று கண்டிப்புச் செய்தால், வக்கீல் பீஸைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். வாய்தாவுக்குச் செலவுத் தொகை விதிக்கும் அதிகாரம் கோர்ட்டுகளுக்கு இப்போதே இருக்கிறது. புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

கிராமங்களில் பொது ஊழியம் செய்யும் அன்பர்கள் பலர் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள். கட்சி எதுவாயினும் ஆகட்டும். தங்கள் தாலுகாவில் சட்ட உதவிக் கமிட்டி எந்தக் கட்டிடத்தில், எந்த அறையில் இருக்கிறது, எந்த நாட்களில் திறந்திருக்கிறது என்பதை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவர அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பூட்டியிருந்தால் நமக்கு எழுதட்டும். ஊரின் பெயரோடு பிரசுரிக்கிறோம்.

உபாத்தியாயரின் புத்தகத்தில் கடைசிக்கு முந்தின வரி: "தீர்ப்பு நகல் வாங்கக் குமாஸ்தாவிடம் கொடுத்தது ரூ. 500." விவாக ரத்துத் தீர்ப்பின் நகலொன்றை இரு கட்சியாருக்கும் கோர்ட்டே இலவசமாகக் கொடுக்கவேண்டுமென்பது ஹிந்து விவாகச் சட்டம் 23-வது பிரிவு 4-வது உட்பிரிவு. அதை அவருக்குப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு நம்மிடம் பேனா வாங்கி, அந்த வரிக்கு எதிரே பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்துவிட்டார்.